சரிகை வேலியும் என் முந்தானையும்

எனக்குக் கரண்ட் என்றால் பயம். சிரிக்காதீர்கள். பதினெட்டு வருஷமாக பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் எடுக்கிறவள் நான். போர்டில் வரைகிற கரண்டோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கம்பியில் ஓடுகிற கரண்டோடுதான் ஆகாது. லேபில் மெயின் சுவிட்சைப் போட வேண்டுமென்றால் யாராவது ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "நீ போடும்மா, கத்துக்கணும் இல்ல" என்பேன். அவர்களும் ஏதோ பெரிய பொறுப்பு கிடைத்தது போலப் போடுவார்கள். நான் இரண்டடி தள்ளி நின்று தலையாட்டுவேன். வீட்டில் பல்பு மாற்றுவது என் கணவர்தான். அவர் ஊரில் இல்லாத நாளில் பல்பு போனால் அந்த அறைப் பக்கமே போக மாட்டேன்.

இப்படிப்பட்டவளைத் தேடிக்கொண்டு வந்து, "மேம், மின்வேலி பண்ணலாம்னு இருக்கேன், நீங்கதான் கைடு" என்று ஒருத்தி நின்றாள் என்றால் நான் என்ன பாடு பட்டிருப்பேன்!

கடைசி வருஷ மாணவி. பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டரை வயசுப் பெண் குழந்தை, பிறகு இவள். அண்ணனும் அண்ணியும் மாற்றி மாற்றித் தறியில் உட்காருவார்கள். நன்றாகப் படிக்கிற பெண். வாயும் கொஞ்சம் நீளம்.

"மின்வேலி எதுக்கும்மா? என்ன, யானையா வருது உங்க தெருவுக்கு?" என்றேன்.

"யானை இல்ல மேம், கொரங்கு" என்று போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். குழந்தையின் முன்கை. அதில் பல் பதிந்த இடம் வீங்கிக் கறுத்திருந்தது. "எங்க அண்ணன் பொண்ணு. பின்னாடி துணி தோய்க்கற எடத்துல முறுக்கு தின்னுக்கினு இருந்திச்சி. கொரங்கு வந்து புடுங்கிச்சி. இது குடுக்க மாட்டேன்னு கைய மடக்கிக்கிச்சி. அவ்ளோதான். ஊசி மேல ஊசி போட்டோம் மேம். இப்ப வெளியவே வர மாட்டேங்குது. வாசக்கால புடிச்சிக்கினு நிக்குது."

"வலை கட்டலாமே."

"கட்டினோம். கிழிச்சிக்கினு வருது. செவுத்து மேல பாட்டில் சில்லு பதிச்சோம். அது மேலயே உக்காந்து பேன் பாக்குது."

சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு, "சோலார் தெருவிளக்கு பண்ணேன்மா, எல்லாரும் அதான் பண்றாங்க" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். "அதான் எல்லாரும் பண்றாங்களே மேம், நான் வேற எதுக்கு?" என்றாள். அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வயல் பக்கம் பன்றிக்கு வேலி போடுகிறேன் என்று வீட்டு லைனை நேரே கம்பியில் மாட்டிவிடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்பியில் மாட்டுகிறது பன்றியா மனிதனா என்று கரண்டுக்குத் தெரியாது. மின்வேலி என்றால் எனக்கு அதுதான் கண்முன் வரும். இவளுடையது அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சின்ன பேட்டரி. அதிலிருந்து ஒரு பெட்டி வழியாக, வினாடிக்கு ஒரு தரம், கண்ணிமைக்கிற நேரத்தைவிடக் குறைவாக ஒரு அடி. அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கை ஒட்டிக்கொள்ளாது, இழுத்துக்கொள்ளலாம். குரங்கு ஒரு தரம் வாங்கினால் மறுபடி வராது. இதெல்லாம் கடையிலேயே கிடைக்கிற சமாசாரம்தான். வீட்டுக்கு ஏற்ற மாதிரி இவள் சேர்த்தது இரண்டு. ஒன்று, யாராவது வேலியைத் தொட்டபடியே இருந்தால், மூன்று அடி விழுந்ததும் பெட்டி தானே நின்றுபோய்ப் பீப்பீ என்று கத்தும். வீட்டில் இருக்கிறவர்கள் வந்து பார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். இன்னொன்று அந்த வேலியின் நாடா.

கம்பி கண்ணுக்குத் தெரியாது, தெரியாத வேலி ஆபத்து என்று நான்தான் சொன்னேன். சரி என்று போனவள் அடுத்த வாரம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஆரஞ்சு நைலான் நூல், நடுவில் நெடுக ஐந்தாறு இழை சரிகை. வீட்டுத் தறியிலேயே நெய்திருக்கிறாள். சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிதானே, கரண்ட் போகும் இல்லையா? ஒரு முனையில் மீட்டரை வைத்தேன், மறு முனையில் வைத்தேன். முள் துள்ளிக்கொண்டு போனது.

"அடிப்பாவி! வேலிக்குக் கரை போட்டிருக்கியா?" என்றேன்.

"துண்டு சரிகை மேம். எங்க வூட்ல மூலைக்கு மூலை கெடக்குது" என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். மேஜையில் கிடந்த அந்த நாடாவை நானே கையில் எடுத்து நீவிப் பார்த்தேன். பெட்டியோடு இணைக்காத வரைக்கும் எனக்கு என்ன பயம்?

லேபில் எல்லாச் சோதனையும் தேறியது. நாடாவின் கடைசி முனை வரைக்கும் அடி குறையாமல் போனது. தண்ணீர் தெளித்தோம், இலையைப் போட்டோம், சாய்த்தோம், இழுத்தோம். கடைசியில் அவள் தன் விரலையே வைத்தாள். டக் என்றது. "ஆ!" என்று கையை உதறிவிட்டுச் சிரித்தாள். "சுண்டிவுட்ட மாதிரி இருக்குது மேம், அவ்ளோதான். நீங்களும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

"போன் வருதும்மா" என்று வராண்டாவுக்குப் போய்விட்டேன். போனாவது, வருவதாவது.

மதிப்பீட்டுத் தாளில் கடைசியாக ஒரு வரி உண்டு: பயன்படுத்தும் இடத்திலேயே சோதிக்கப்பட்டது. அதற்குக் கீழே கைடு கையெழுத்து. அதாவது நான் அவள் வீட்டுக்குப் போய், வேலியை ஓடவிட்டு, பார்த்து, இது இந்த வீட்டுக்கு ஆகும் என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் சுவிட்சைப் போடக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். நாடாவைக் கட்டிவிட்டு அவள் எனக்காகக் காத்திருந்தாள். நான் போகவில்லை. ஒரு வாரம் தேர்வு டியூட்டி என்றேன். ஒரு வாரம் ஜுரம் என்றேன், ஜுரமும் இல்லை ஒன்றும் இல்லை. பயம். அந்த வீட்டில் இரண்டரை வயசுக் குழந்தை இருக்கிறது. நான் சரி என்று எழுதிய பிறகு அதற்கு ஏதாவது ஆனால்? அந்த நினைப்பு வந்ததும் அடுத்த சாக்கைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் வழி மறித்தாள். "மேம், கொரங்கு தெனம் வருது. நேத்து நூலு காயப் போட்டிருந்தோம், இஸ்துக்கினு போயிடுச்சி. கொழந்தைய உள்ள வெச்சிப் பூட்டிட்டு அண்ணி தறியில உக்கார்றாங்க. அளவெல்லாம் கரெக்டா இருக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க. பயத்துக்கு எவ்ளோ மேம் மார்க் கழிப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "யாருக்குடி பயம்? நாளைக்குக் காலைல வர்றேன், ரெடியா வை" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் மறுநாள் முகூர்த்த நாள், கூட வேலை பார்க்கிறவரின் மகள் கல்யாணம் என்று நினைவு வந்தது. வார்த்தையை விட்டாயிற்று. கல்யாணத்தில் தலையைக் காட்டி, இட்லியை அவசரமாக விழுங்கி, கட்டியிருந்த பட்டுப்புடவையோடேயே ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன்.

காலை வேளையில் அந்தத் தெருக்களில் வண்டி போகாது. தறியில் ஏற்றுகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருப்பார்கள். முனையிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் நன்றாகச் சொருகிக்கொண்டு நடந்தேன். வேலைக்குப் போகிறேன் என்ற ஜாக்கிரதை இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தறி இருக்கிற வீட்டுக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

தறிக்குழியிலிருந்து அண்ணிக்காரி எழுந்து வந்தாள். என் வயசில் பாதிகூட இருக்காது. "வாங்க மேடம்" என்றாள். அவள் கண் என் முகத்தில் இல்லை, புடவையில் இருந்தது. இந்த ஊரில் இது சகஜம். பஸ்ஸில்கூட முன்பின் தெரியாத பெண் உங்கள் கரையைத் திருப்பிப் பார்ப்பாள். "இத்த கொஞ்சம் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். கேட்டது மரியாதைக்குத்தான்; பதிலுக்குக் காத்திராமல் இடுப்பிலிருந்து என் முந்தானையை உருவி, வெளிச்சத்தில் விரித்து, பின்பக்கத்தைத் திருப்பி, விரலால் தேய்த்தாள்.

"அசல் சரிகைமா" என்று நாத்தனாரிடம் சொன்னாள். "ஒடம்போட கரைய சேத்த கோர்வையும் சுத்தமா இருக்குது. எங்க எடுத்தீங்க மேடம்?"

என் கல்யாணத்துக்கு எடுத்தது என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் முந்தானையைக் கீழே விட்டாள். நானும் அதைத் திரும்பச் சொருகவில்லை. பெருமையில் மறந்தேனா, பின்கட்டுக் கதவு வழியாக அந்த ஆரஞ்சு நாடா தெரிந்ததும் வந்த பயத்தில் மறந்தேனா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். மறந்தேன், அவ்வளவுதான்.

பின்கட்டு சின்ன இடம். ஒரு குழாய், துணி துவைக்கிற கல், அதற்கப்பால் மார்பளவுச் சுவர். சுவரில் ஒரு பக்கம் இடிந்து வழி விட்டிருந்தது, அதில்தான் குரங்குகள் ஏறி இறங்கும். சுவருக்கு மேலே ஒரு வரிசை நாடா, இடிந்த இடத்துக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு வரிசை. கட்டியிருந்த நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் குறை தேடினேன். தேடத்தானே வந்தேன்? "மழை பெஞ்சா என்ன ஆகும்? தரையை நனை" என்றேன். அவள் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். "இன்னும் ஊத்து" என்றேன். என் வெறுங்காலுக்கு அடியில் மண் சேறாகிக் குளிர்ந்தது. "கொழந்த உள்ளதான இருக்கு?" என்று மூன்று தரம் கேட்டேன். "உள்ளதான் இருக்குது மேம், அண்ணிகிட்ட" என்று மூன்று தரமும் சொன்னாள். மூன்றாவது தரம் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

சுவிட்சைப் போட்டாள். டக். டக். டக். பெட்டியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மீட்டர் அவள் கையில், தாள் என் கையில். அவள் அளவைச் சொன்னாள், நான் எழுதினேன். என் எழுத்து எனக்கே புரியவில்லை. முதல் மூலை சரி. நடு சரி. அவள் கடைசி மூலைக்குப் போனாள்.

அப்போது குழந்தை வந்துவிட்டது.

அண்ணி கையிலிருந்து எப்படி நழுவியதோ, கையில் ஒரு பிஸ்கட்டோடு வாசற்படியைத் தாண்டி இறங்கி நின்றது. அது நின்ற இடத்துக்கும் வேலிக்கும் மூன்று ஆள் தூரம் இருக்கும். குழந்தை நாடாவைப் பார்க்கக்கூட இல்லை, என் புடவையைத்தான் வேடிக்கை பார்த்தது. புத்தி உள்ள எவளும், "கண்ணு, உள்ள போம்மா" என்று சொல்லியிருப்பாள். எனக்குத்தான் புத்தி எங்கே போயிற்றோ! குழந்தை, வேலி, ஈர மண். இந்த மூன்றும்தான் தெரிந்தது. தாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் குழந்தையை வாரி எடுத்தேன். எடுத்த வேகத்தில் சேற்றில் வழுக்கி, இடிந்த சுவர்ப் பக்கமாக நாலைந்து அடி தள்ளாடினேன். குழந்தை பயந்துபோய் என் தோளில் இருந்த கரையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. வேலி அருகில் வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பினேன். குழந்தைக்கும் வேலிக்கும் நடுவில் என் முதுகை வைத்தேன். காப்பாற்றுகிறேனாம்.

திரும்பின வேகத்தில் முந்தானை வீசிப் போய் நாடாவின் மேல் விழுந்தது.

தோளிலும் இடுப்பிலும் யாரோ கட்டையால் அடித்தது போல் இருந்தது. அந்த நொடியே குழந்தை வீரிட்டது. எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. நாம்தான் வேலியைத் தொடவில்லையே, வேலி எப்படி நம்மைத் தொட்டது என்று திகைத்து நின்றேன். நின்றவள் குழந்தையைக் கீழே விட்டிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். பயத்தில் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது விழுந்தது. குழந்தையின் உடம்பு என் கைக்குள் துள்ளியதை உணர்ந்தேன். என் குழந்தைகள் இரண்டையும் பெற்றபோதுகூட அப்படிக் கத்தியதில்லை நான். மூன்றாவதும் விழுந்தது.

பிறகு டக் சத்தம் நின்றுபோயிற்று. பெட்டி பீப்பீ என்று கத்த ஆரம்பித்தது.

"முந்தானை! மேம், முந்தானை!" என்று கத்திக்கொண்டே மாணவி ஓடி வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். அண்ணி வந்து குழந்தையை என் கையிலிருந்து பறித்தாள். பறித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை மூச்சு வாங்க முடியாமல் வாயைத் திறந்தபடி இருந்தது. ஐயோ, போய்விட்டதா என்று நான் கல்யாணப் பட்டோடு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் அழுகை வெளியே வந்தது. அழுகைச் சத்தம் கேட்டு இப்படி ஒரு நிம்மதி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

விரலைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளங்கையைப் பார்த்தோம். ஒரு தீய்ச்சல் இல்லை, சிவப்புகூட இல்லை. ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அண்ணி அதன் முதுகைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கொரங்கு கடிச்சப்பகூட இப்டி அழல."

பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினோம். பாவு விரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "இன்னாச்சி? இன்னாமா ஆச்சி?" என்று கேட்டார்கள். சேறு அப்பிய பட்டுப்புடவையோடு நான் பின்னால் ஓடுகிறேன், என்னைப் பார்த்தும் கேட்டார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், கையைக் காலை ஆட்டிப் பார்த்தார், அரை மணி நேரம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். ஒன்றும் இல்லை, பயந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அந்த அரை மணியும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தரம் அதன் பாதத்தைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டது.

திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தோம். விழுந்த அடி மூன்று என்று காட்டியது. அவள் எழுதிவைத்த கணக்குப்படி அச்சாக நின்றிருக்கிறது. அதை அவள் சொல்லிக் காட்டியிருக்கலாம். நான் அவளிடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"மூணு எதுக்கு மேம் வெச்சேன்? எல விழுந்தா, மழ அடிச்சா சும்மா சும்மா நின்னுடும்னு வெச்சேன். ஒண்ணு போதும். எல விழுந்தா நின்னுட்டுப் போவுது." மூக்கை உறிஞ்சினாள். "சரிகைய நான்தான் நாடாவுல நெய்தேன். வெள்ளின்னு தெரியும், கரண்ட் போவும்னு தெரியும். அதுவே பொடவையில இருந்தா பொடவைதான மேம்? கம்பின்னு தோணவே இல்ல. ஃபெயில் போட்டுடுங்க."

எனக்கு மட்டும் தோன்றியதா? லேபில் மீட்டரை வைத்துச் சரிகையை அளந்தவள் நான். முள் துள்ளியதைப் பார்த்தவள் நான். அதே சரிகையை ஆறு கஜத்துக்கு உடம்பில் சுற்றிக்கொண்டு, தரையை நனைக்கச் சொல்லி, வெறுங்காலோடு நின்று, தூரத்தில் நின்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவளும் நானேதான். அறிவுகெட்டவளே என்று என்னையே உரக்கத் திட்டிக்கொண்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் முந்தானைய உருவிவுட்டேன்" என்றாள் அண்ணி, குழந்தையைத் தோளில் போட்டபடி.

"இல்லம்மா. நீ பாத்தே. சொருகிக்க வேண்டியது நானு" என்றேன்.

பிறகு மாணவி மெதுவாக, "இத்த ரிப்போர்ட்ல போட வேணாம் மேம். உங்க பேருதான் கெட்டுடும். வேற நாள் வந்து ஃபிரஷ்ஷா டெஸ்ட் பண்ணோம்னு எழுதிக்கலாம்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சரி என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

"எழுதுங்க" என்றாள் அண்ணி. "பக்கத்து வூட்டுக்காரங்க, எதுத்த வூட்டுக்காரங்க, ரெண்டு பேரும் எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மான்னு இவளக் கேட்டுக்கினு இருக்காங்க. அங்கயும் கொழந்தைங்க இருக்குது. இந்தத் தெருவுல சரிகை இல்லாத வூடு எது மேடம்?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சேறு பட்ட அந்தத் தாளிலேயே எழுதினேன். சோதனை செய்தவர் சரிகைப் புடவை அணிந்திருந்தார். பாதுகாப்பான தூரத்தில் இருந்த குழந்தையை அவரே வேலியருகில் தூக்கி வந்தார். முந்தானை நாடாவில் பட்டது. குழந்தைக்கு மூன்று முறை அதிர்ச்சி. அந்த "அவரே" என்ற சொல்லை எழுதும்போது கை நின்றது, அப்புறம் எழுதியது. இதைப் படித்த துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. காது இரண்டு நாள் எரிந்தது.

மாணவிக்கு மூன்று வாரம் கொடுத்தேன். பெட்டி ஒரே அடியில் நிற்கும்படி மாற்றினாள். இடிந்த சுவரை அண்ணன் செங்கல் வைத்து அடைத்தான். நாடாவைச் சுவருக்கு வெளிப்பக்கம் சாய்த்த கம்பிகளில் ஏற்றி, உள்பக்கத்திலிருந்து துணியோ கையோ எட்டாதபடி நடுவில் கெட்டி நைலான் வலை கட்டினாள். பட்டுப்புடவை ஒன்றை உள்பக்கத்திலிருந்து வேலியின் மேல் வீசிப் பார்க்கிற சோதனையையும் சேர்த்துக்கொண்டாள். அதை நான் சொல்லவில்லை, அவளே சேர்த்தாள். எல்லாம் கட்டி முடித்ததும், கையெழுத்துக்கு முன்பே ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இரண்டாம் தரம் நான் பருத்திப் புடவையில் போனேன். கழுத்தில் சங்கிலிகூட இல்லை. கைப்பையில் ஒரு பொம்மை வாங்கி வைத்திருந்தேன், குழந்தையோடு ராசி ஆகிவிடலாம் என்று. மாணவி வாசலிலேயே சொன்னாள்: "இப்பல்லாம் பின்கட்டுக்குத் தைரியமா வருது மேம். வேலிய ஓடவுட்டதுலேர்ந்து கொரங்கு வரலன்னு அதுக்கே தெரிஞ்சிடுச்சி." கேட்டதும் மனசு லேசாகிப் பின்கட்டுக்குள் காலை வைத்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை குழாயடியில் சொம்பில் தண்ணீர் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்தது. சொம்பைப் போட்டது.

அது கதவுப் பக்கம் ஓடியிருக்கலாம், அண்ணி உள்ளேதான் இருந்தாள். ஆனால் கதவை மறித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். அதனால் எதிர்ப்பக்கம் ஓடியது. சுவரை நோக்கி. "கண்ணு, இரு இரு, ஒண்ணுமில்ல பாரு" என்று பொம்மையை நீட்டிக்கொண்டு நான் இரண்டடி எடுத்து வைத்தேன். அது துவைக்கிற கல்லின் மேல் ஏறியது. இன்னும் ஓரடி வைத்தேன். இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே ஏற இடம் தேடியது. வலைக்கு அப்பால் ஒரு முழத்தில் ஆரஞ்சு நாடா. டக். டக். டக்.

"மேம்" என்றாள் மாணவி. கத்தவில்லை, ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "கிட்ட போவாதீங்க. அப்டியே பின்னாடி வாங்க."

என் கால் பின்னால் நகர மறுத்தது. ஓடிப்போய்ப் பிடி என்றது உடம்பு முழுக்க. அன்றைக்கும் இதே உடம்புதான் ஓடு என்றது. பொம்மையைத் தரையில் வைத்தேன். ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, கதவைத் தாண்டி, தறியைத் தாண்டி, தெருவுக்கே வந்துவிட்டேன். செருப்பைக்கூடப் போடவில்லை.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கச் சந்துக்குப் போனேன். சுவருக்கு வெளியே, வேலிக்கு வெளியே நின்றுகொண்டு தாளை விரித்தேன். "எறங்கிடுச்சி மேம்" என்று உள்ளேயிருந்து மாணவி குரல் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு அளவாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் மூலை. நடு. வீசிய புடவை வலையிலேயே நின்றுவிட்டது, நாடாவுக்கு எட்டவில்லை. நான் சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டே வந்தேன்.

உள்ளே குழந்தையின் குரல் கேட்டது. "அத்த, அந்தம்மா போய்ட்டாங்களா?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, சுவருக்கு மேலே தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

"போய்ட்டாங்களா அத்த?"

"போய்ட்டாங்கடி செல்லம்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அளவுகளை வாயால் சொல்லவில்லை, போனில் அனுப்பினாள். நான் போன் சத்தத்தை அமுக்கிவிட்டு, மூச்சுக்கூட வெளியே கேட்காமல், ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். உள்ளே மறுபடி சொம்பில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் அந்தச் சந்தில் ஆடாமல் நின்றேன்.